பார்த்துக்கொண்டு நின்றவனின் கதை

வாசிப்பு வட்டப் பாடம்: காலித் ஹுசைனியின் 'தி கைட் ரன்னர்'

இந்த மாத வாசிப்பு வட்டத்துக்கு ஆப்கானிஸ்தானைப் பற்றிய ஒரு நாவல். எழுதியவர் காலித் ஹுசைனி. 1965இல் காபூலில் பிறந்தவர். 1980இல் குடும்பத்தோடு அமெரிக்காவில் அடைக்கலம் பெற்றவர். மருத்துவராக வேலை செய்துகொண்டே எழுதிய இந்த முதல் நாவல் 2003இல் வெளிவந்தது. தமிழில் 'பட்ட விரட்டி' என்ற பெயரில் கிடைக்கிறது.

இந்தப் புத்தகத்தைப் படித்தவர்களிடம் "எப்படி இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். "நல்ல கதை" என்று மட்டும் சொல்லி நிறுத்துகிறவர்கள் குறைவு. "அழுதுட்டேன்" என்பார்கள். "அமீரை மன்னிக்கவே முடியல" என்பார்கள். சிலர் பாதியில் மூடி வைத்துவிட்டு, பல நாள் கழித்துத்தான் மறுபடி திறந்திருப்பார்கள். அந்தக் கண்ணீரும் கோபமும் எங்கிருந்து வருகின்றன என்பதைப் பார்ப்பதுதான் இந்தப் பாடம்.

வட்டத்தை நடத்துகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: இந்த நாவலில் ஒரு சிறுவன் மீது நடக்கும் பாலியல் வன்கொடுமையும், ஒரு சிறுவனின் தற்கொலை முயற்சியும் வருகின்றன. கலந்துரையாடலுக்கு முன்பே உறுப்பினர்களிடம் அதைச் சொல்லிவிடுங்கள். யாரையும் பேசச் சொல்லி வற்புறுத்த வேண்டாம்.

கதை என்ன?

அமீர் பணக்கார வீட்டுப் பையன், பஷ்தூன் இனத்தவன். ஹசன் அந்த வீட்டு வேலைக்காரர் அலியின் மகன், ஹசாரா இனத்தவன். ஹசாராக்கள் பெரும்பாலும் ஷியா பிரிவினர். அந்நாட்டில் காலங்காலமாகத் தாழ்வாக நடத்தப்பட்டவர்கள். இரண்டு பையன்களும் ஒரே தாதியிடம் பால் குடித்து, ஒரே தோட்டத்தில் விளையாடி வளர்கிறார்கள். ஆனால் அமீர் பள்ளிக்கூடம் போகிறான். ஹசன் அவனுக்குப் பசியாறல் எடுத்து வைக்கிறான்.

1975ஆம் ஆண்டு குளிர்காலத்தில் காபூலில் பட்டப் போட்டி. கண்ணாடித் தூள் பூசிய நூலால் ஒருவர் பட்டத்தை ஒருவர் அறுக்க வேண்டும். கடைசியாக அறுபட்ட பட்டத்தை ஓடிப் பிடித்துக் கொண்டுவருவதுதான் பெரிய கௌரவம். அமீர் ஜெயிக்கிறான். அந்த நீலப் பட்டத்தைப் பிடிக்க ஹசன் ஓடுகிறான். ஒரு சந்தில் அசெஃப் என்ற முரடனும் அவன் கூட்டாளிகளும் ஹசனை மடக்குகிறார்கள். பட்டத்தைக் கொடுத்துவிட்டால் போகலாம். ஹசன் கொடுக்க மறுக்கிறான். அங்கே அவனுக்குக் கொடுமை நடக்கிறது. சந்தின் முனையில் நின்று அமீர் அதைப் பார்க்கிறான். சத்தம் போடவில்லை. ஓடிப்போகிறான்.

பிறகு நாட்டில் போர் வருகிறது. அமீரும் அப்பாவும் அமெரிக்காவுக்குப் போய்விடுகிறார்கள். 26 ஆண்டுகள் கழித்து, 2001இல், பாகிஸ்தானிலிருந்து அப்பாவின் பழைய நண்பர் ரஹீம் கான் அமீரை அழைக்கிறார். ஹசனைத் தாலிபான்கள் கொன்றுவிட்டார்கள். அவன் மகன் சொஹ்ராப் காபூலில் அநாதையாக இருக்கிறான். இன்னோர் உண்மையும் தெரிய வருகிறது: ஹசன் அமீரின் அப்பாவுக்குப் பிறந்தவன். கூடப்பிறந்தவனைத்தான் அன்று அந்தச் சந்தில் விட்டுவிட்டு அமீர் ஓடியிருக்கிறான்.

அமீர் மீது ஏன் இவ்வளவு கோபம்?

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கொடுமை செய்தவன் அசெஃப். ஆனால் படிக்கிறவர்களின் கோபம் அதிகமாக அமீர் மீதுதான் திரும்புகிறது. அசெஃபைப் போன்றவர்கள் நமக்குத் தூரம். "நான் அப்படிச் செய்ய மாட்டேன்" என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். அமீர் அப்படியில்லை, கிட்டத்தில் இருக்கிறான். கழிப்பறையில் ஒரு பையனை நாலு பேர் அடிக்கும்போது கதவோரம் நின்றவர்கள், பகடிவதைக் காணொளி வாட்ஸ்அப்பில் வந்தபோது பார்த்துவிட்டுச் சும்மா இருந்தவர்கள், எல்லாரும் அந்தச் சந்தின் முனையில் நின்றவர்கள்தான். அமீர் மீது வரும் கோபத்தில் பாதி, நம்மைப் பற்றிய பயம்.

நம் மகாபாரதத்திலும் இந்தக் காட்சி இருக்கிறது. திரௌபதியை அவைக்கு இழுத்து வந்தபோது துச்சாதனன் ஒருவன்தான் சேலையில் கை வைத்தான். ஆனால் அந்த அவையில் பீஷ்மர் இருந்தார், துரோணர் இருந்தார். இத்தனை பெரியவர்கள் இருந்தும் தடுக்கவில்லை என்பதுதான் இன்றுவரை நமக்கு உறுத்துகிறது. விதுரர் எதிர்த்துப் பேசினார். கௌரவர்களிலேயே ஒருவனான விகர்ணன் எழுந்து "இது தவறு" என்றான். அவன் பேச்சு அங்கே எடுபடவில்லை. ஆனாலும் அவன் பேசினான் என்பதை நாம் மறக்கவில்லை.

இன்னொரு கேள்வி: ஹசன் அமீருக்கு உண்மையிலேயே கூட்டாளியா? நாவலில் அமீரே இதைச் சொல்கிறான்: அப்பாவும் அலியும் சிறு வயதிலிருந்து ஒன்றாக வளர்ந்தவர்கள், ஆனால் அப்பா ஒருநாளும் அலியை 'நண்பன்' என்று சொன்னதில்லை, தானும் ஹசனை அப்படி நினைத்ததில்லை. நம்ம குசேலர் கதையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கந்தல் துணியோடு வந்த பழைய கூட்டாளியை, அரண்மனையில் எல்லாரும் பார்க்க, கண்ணன் கால் கழுவி வரவேற்றான். தனியாக இருக்கும்போது விளையாடுவது சுலபம். நாலு பேர் முன்னால் "இவன் என் நண்பன்" என்று சொல்கிறோமா என்பதுதான் சோதனை. அமீர் அந்தச் சோதனையில்தான் முதலில் தோற்றான். சந்தில் தோற்றது அதற்குப் பிறகு.

குற்ற உணர்வு செய்த இரண்டாவது தப்பு

குற்ற உணர்வு வந்தாலே மனுஷன் திருந்திவிடுவான் என்று நினைக்கிறோம். இந்த நாவல் அதை மறுக்கிறது. சந்தில் நடந்ததற்குப் பிறகு அமீர் தூங்க முடியாமல் தவிக்கிறான். ஆனால் என்ன செய்கிறான்? ஹசனைப் பார்க்கும்போதெல்லாம் தன் கோழைத்தனம் நினைவுக்கு வருகிறது. அதனால் அவனை வீட்டைவிட்டே அனுப்பப் பார்க்கிறான். தன் பிறந்தநாள் கைக்கடிகாரத்தையும் பணத்தையும் ஹசனின் மெத்தைக்கு அடியில் வைத்துத் திருட்டுப் பட்டம் கட்டுகிறான். ஹசன் உண்மை தெரிந்தும் "நான்தான் எடுத்தேன்" என்று ஏற்றுக்கொள்கிறான். அலியும் ஹசனும் வீட்டைவிட்டுப் போகிறார்கள்.

முதல் தப்பு பயத்தால் வந்தது. அப்போது அமீருக்கு 12 வயது. பயந்தான் என்பதைப் புரிந்துகொள்ளலாம். இரண்டாவது தப்பைத் திட்டம் போட்டுச் செய்தான். வாய்விட்டுச் சொல்லாத குற்ற உணர்வு, பாதிக்கப்பட்டவனையே எதிரியாக்கிவிடும். நம் வாழ்க்கையிலும் இது நடக்கிறது. நாம் யாருக்குத் துரோகம் செய்தோமோ, அவரைப் பற்றியே பிறகு குறை பேச ஆரம்பிக்கிறோம். "அவன் மட்டும் என்ன ஒழுங்கா?" என்கிறோம்.

அடி வாங்கினால் கணக்குத் தீருமா?

மாதுளை மரத்தடியில் ஒரு காட்சி வரும். அமீர் ஹசன் மீது மாதுளம்பழங்களை எறிந்து, "திருப்பி அடி" என்று கத்துகிறான். ஹசன் அடிக்கவில்லை. ஒரு பழத்தை எடுத்துத் தன் நெற்றியிலேயே நசுக்கிக்கொண்டு போய்விடுகிறான். அமீருக்குத் தண்டனை வேண்டும். தண்டனை கிடைத்தால் நிம்மதி. 26 ஆண்டு கழித்து அது கிடைக்கிறது. சொஹ்ராபை மீட்கப் போன இடத்தில், தாலிபானாக மாறிவிட்ட அசெஃப் அவனை எலும்பு நொறுங்க அடிக்கிறான். அமீர் சிரிக்கிறான். அவன் மேலுதடு பிளந்து தையல் போடப்படுகிறது. பிளந்த உதட்டோடு பிறந்த ஹசனின் முகம் ஞாபகம் வருகிறது. படிக்கிறவர்களும் "அப்பாடா, கணக்குத் தீர்ந்தது" என்று மூச்சு விடுகிறார்கள்.

ஆனால் நாவல் அங்கே முடியவில்லை. அமீர் அடி வாங்கியதால் சொஹ்ராபுக்கு என்ன கிடைத்தது? இனி அநாதை இல்லத்துக்கு அனுப்ப மாட்டேன் என்று அவனுக்கு வாக்குக் கொடுத்த அமீர், தத்தெடுக்கும் சட்டச் சிக்கலில் அந்த வாக்கையே மீறப் பார்க்கிறான். அந்தப் பையன் உயிரை விடத் துணிகிறான். பிழைத்து அமெரிக்கா வந்தபின் பல மாதம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. கடைசியில் ஒரு பட்டம் விடும் நாளில் அவன் உதட்டோரம் சின்னதாக ஒரு சிரிப்பு. அவ்வளவுதான் கிடைக்கிறது.

நம் தர்ம நூல்கள் பிராயச்சித்தத்தைப் பற்றி நிறையவே பேசுகின்றன. மனுஸ்மிருதியின் 11ஆம் அத்தியாயம், பாவம் நீங்கும் வழிகளில் முதலில் சொல்வது செய்ததை வெளியே சொல்வது. பிறகு வருந்துவது, தவம், ஓதுவது, தானம் ஆகியவை வருகின்றன. கோயிலில் ஒரு அர்ச்சனை, ஒரு பால்குடம் என்று நாம் நேராகக் கடைசிப் படிக்குப் போய்விடுகிறோம். அமீரைப் பாருங்கள். வருத்தம் அவனிடம் 26 ஆண்டும் இருந்தது. மனைவி சொராயா கல்யாணத்துக்கு முன்பே தன் பழைய தவறை அவனிடம் சொல்லிவிட்டாள். அவன் மட்டும் சொல்லவில்லை. சொஹ்ராபுக்காகத்தான் கடைசியில் அவளுக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொல்கிறான். அமெரிக்கா வந்தபின் மாமனார் அந்தப் பையனை 'ஹசாரா' என்று குறிப்பிடும்போது, அவனுக்கு ஒரு பெயர் இருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொல்கிறான். சந்தில் வராத குரல் சாப்பாட்டு மேசையில் வந்தது. அடி வாங்கிய இடத்தைவிட இதுதான் எனக்குப் பெரிய இடமாகப் படுகிறது.

குற்ற உணர்வில் நாம் நம்மைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறோம். பிராயச்சித்தம் என்றால், பாதிக்கப்பட்டவருக்கு இப்போது என்ன தேவை என்று பார்த்து, அவர் பக்கத்திலேயே இருப்பது.

ஒரு எச்சரிக்கை

இதைப் படித்துவிட்டு "ஆப்கானியர்கள் இப்படித்தான், முஸ்லிம்கள் இப்படித்தான்" என்று முடிவு கட்டினால் பாடம் வீண். ஹசனும் அலியும் ரஹீம் கானும் முஸ்லிம்கள்தான். 2007இல் இது திரைப்படமானபோது, சந்துக் காட்சியால் ஆபத்து வரலாம் என்று நடித்த சிறுவர்களை ஆப்கானிஸ்தானைவிட்டே வெளியே அனுப்பினார்கள். படம் அங்கே தடை செய்யப்பட்டது. நமக்குக் கண்ணீர் தந்த கதை, அந்த மண்ணில் ஆறாத காயத்தைத் தொட்டது. நம் ஊரில் சாதியைச் சொல்லி ஒருவரை ஒதுக்கும்போது நாம் எந்தச் சந்தில் நிற்கிறோம் என்று கேட்பதுதான் நியாயமான வாசிப்பு.

கலந்துரையாடக் கேள்விகள்

1. கதையில் எந்த இடத்தில் உங்களுக்குக் கோபம் வந்தது? யார் மீது? ஏன் அவர் மீது?

2. கதை முழுவதையும் சொல்பவன் அமீர். ஹசனே சொல்லியிருந்தால், அவன் இவ்வளவு கோபமில்லாதவனாக இருந்திருப்பானா?

3. மெத்தைக்கு அடியில் பணம் வைத்து ஹசனைத் திருடனாக்கியவன், காபூலுக்குப் போகும் வழியில் ஓர் ஏழை வீட்டு மெத்தைக்கு அடியில் பணம் வைத்துவிட்டு வருகிறான். இந்த இரண்டு காட்சிக்கும் இடையே அவனிடம் என்ன மாறியிருக்கிறது?

4. மன்னிப்புக் கேட்க வேண்டியவர் உயிரோடு இல்லை என்றால், கடனை யாரிடம் தீர்ப்பது?

இந்த மாதம் செய்ய

உங்கள் பள்ளியிலோ வகுப்பிலோ யாராவது பகடிவதைக்கு ஆளாவதைப் பார்த்தால், அன்றே ஓர் ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ சொல்லுங்கள். நேரில் சொல்லப் பயமாக இருந்தால் தாலியான் காசே 15999 எண்ணுக்கு அழைக்கலாம். நாலு பேரை எதிர்த்துச் சண்டை போட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அமீர் அன்று ஒரு சத்தம் போட்டிருந்தால்கூடக் கதை வேறாகியிருக்கும்.

நீங்கள் புண்படுத்திய ஒருவர் இன்னும் பக்கத்தில் இருந்தால், 26 ஆண்டு காத்திருக்காதீர்கள். அவரிடம் போய்ப் பேசுங்கள். "என்னை மன்னிச்சிடு" என்பதோடு நிறுத்தாமல், "உனக்கு நான் என்ன செய்யணும்?" என்றும் கேளுங்கள். பதிலைக் கேட்டுச் செய்யும் தைரியத்தை இறைவன் நம் எல்லாருக்கும் அருளட்டும்.