சட்டையில் குத்திய பேட்ஜ் கவசமல்ல

இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் தங்கிவிட்டு 2025 ஜூலை 15 அன்று பூமிக்குத் திரும்பினார். அடுத்தது, இந்தியாவே மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டம். அதற்குத் தேர்வான நால்வரில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். இவர்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் கதிர்வீச்சு பற்றிய சில தவறான எண்ணங்களும் கூடவே வருகின்றன.

நம்பிக்கை 1: பேட்ஜ் அணிந்தால் கதிர்வீச்சு அண்டாது.

உண்மை: பேட்ஜ் எதையும் தடுக்காது, கணக்கு மட்டுமே வைக்கும். சென்னை பெருங்குடிப் பக்கம் உள்ள மருத்துவமனையின் எக்ஸ்ரே அறை ஊழியர் சட்டையில் இருக்கும் டி.எல்.டி. (வெப்ப ஒளிர்வு அளவி) பேட்ஜில் டிஸ்ப்ரோசியம் கலந்த கால்சியம் சல்பேட் வில்லைகள் உண்டு. அவை வாங்கிய ஆற்றலைத் தேக்கி வைத்து, ஆய்வகத்தில் சூடாக்கும்போது ஒளியாக விடும். அந்த ஒளியை அளந்தால் டோஸ், அதாவது உடல் வாங்கிய கதிர்வீச்சின் அளவு, தெரியும். விண்வெளி வீரர்களும் இதே வகைக் கருவியை உடலோடு வைத்திருக்கிறார்கள்.

நம்பிக்கை 2: நல்ல மீட்டர் ஒன்று இருந்தால் போதும்.

உண்மை: டி.எல்.டி. மொத்தத்தைச் சொல்லும், எந்த நேரத்தில் வந்தது என்று சொல்லாது. இரும்பு அணுக்கரு போன்ற கனத்த துகள்களைக் குறைத்தும் காட்டும். அவை உடலுக்குச் செய்யும் கேடோ அதிகம். அதனால் மூக்குக்கண்ணாடி வில்லைக்குப் பயன்படும் சி.ஆர்.-39 பிளாஸ்டிக்கையும் சேர்த்து அனுப்புகிறார்கள். துகள் துளைத்த தடத்தைக் காரக் கரைசலில் அரிக்கவிட்டு நுண்ணோக்கியில் எண்ணுவார்கள். நிமிடத்துக்கு நிமிடம் நிலவரம் சொல்ல சிலிக்கான் உணரிகள் தனி.

நம்பிக்கை 3: விண்கலத்துக்குள் எங்கும், எப்போதும் ஒரே அளவுதான்.

உண்மை: பிரேசிலை ஒட்டிய தென் அட்லாண்டிக் வானில் பூமியின் காந்தப்புலம் வலுக்குறைந்தது. காந்தப்புலத்தில் சிக்கிய புரோட்டான்கள் அங்கே தாழ இறங்குகின்றன. விண்வெளி நிலையம் அந்தப் பகுதியைக் கடக்கும் சில நிமிடங்களில் அன்றைய டோஸில் கணிசமான பங்கு சேர்ந்துவிடும். பெட்டிகள் அடுக்கிய மூலைக்கும் வெறும் சுவரோரத்துக்கும்கூட அளவு மாறும்.

நம்பிக்கை 4: சுவரைத் தடிமனாக்கினால் பிரச்சினை தீர்ந்தது.

உண்மை: வேகமான துகள் அலுமினியத்தில் மோதினால் நியூட்ரான் உள்ளிட்ட புதுத் துகள்கள் சிதறும். ஹைட்ரஜன் மிகுந்த பாலிஎத்திலீனும் தண்ணீரும் எடைக்கு எடை அலுமினியத்தைவிட மேல்.

நம்பிக்கை 5: அதெல்லாம் நாலு எக்ஸ்ரே எடுத்த மாதிரிதான்.

உண்மை: எக்ஸ்ரேயில் வருவது ஒளியின் இனம், சுற்றுப்பாதையில் பெரும்பாலும் புரோட்டான். பெருங்குடியை ஒட்டிய தரமணியில் அப்போலோ புரோட்டான் மையம் 2019 முதல் அதே துகளால் புற்றுக்கட்டியைக் குறிவைக்கிறது. அங்கே கட்டியில் மட்டும் குவியும்படி கற்றையைத் திட்டமிடலாம். விண்வெளியில் அது எல்லாத் திசையிலிருந்தும் வரும்.

அளவு? பூமியில் இயற்கையாக ஒருவர் பெறுவது உலகச் சராசரியில் ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். விண்வெளி நிலையத்தில் ஆறு மாதத்துக்கு ஏறத்தாழ 80 முதல் 160. இந்தியாவில் கதிர்வீச்சுப் பணியாளருக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 தான் வரம்பு. நிலையத்தில் சேரும் டோஸ் உடனே நோயில் விழும் அளவு இல்லை. புற்றுநோய் வாய்ப்பைச் சற்றே கூட்டும் அளவு.

ககன்யான் சில நாள் பயணம் என்பதால் டோஸ் மிகக் குறைவாகவே இருக்கும். நாளை அதன் எண் செய்தியில் வந்தால், எந்தக் கருவி, கலத்தில் எந்த இடம், எத்தனை நாள் என்று மூன்றையும் கேளுங்கள். இவை இல்லாத எண்ணை வைத்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதியடையவும் வேண்டாம்.