கைப்பேசியை அடக்கி வைக்கும் விதம்

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறித்தான் நமது கொல்லிமலைக்கு வரவேண்டும். கீழே நாமக்கல்லில் உங்கள் தாயார் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுஇரவில் அங்கிருந்து கூப்பிடுகிறார்கள். நீங்களோ கடன் விளம்பரத் தொல்லை பொறுக்காமல் போனையே அணைத்துவிட்டு உறங்குகிறீர்கள். விடிந்தபின் அழுது என்ன பயன்?

அணைக்கவேண்டாம். ஆண்ட்ராய்டு போனின் அமைப்புகளில் ‘தொந்தரவு செய்ய வேண்டாம்’ என்றொரு ஏற்பாடு உண்டு. அதை இயக்கி, நட்சத்திரக் குறியிட்ட எண்களுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். பெற்றோர், பிள்ளைகள், பக்கத்து வீட்டார் போதும். மிளகு வியாபாரிக்கு நட்சத்திரம் எதற்கு? விலையைக் காலையில் கேட்டுக்கொள்ளலாம்.

அங்கேயே, மீண்டும் அழைப்பவருக்கு அனுமதி என்பதையும் இயக்குங்கள். ஒரே எண்ணிலிருந்து 15 நிமிஷத்திற்குள் இரண்டாம் அழைப்பு வந்தால் மணி ஒலிக்கும். ஐபோனில் இந்தக் கெடு 3 நிமிஷமே. “அவசரமானால் உடனே இரண்டாம் முறை கூப்பிடு” என்று வீட்டாருக்கு இன்றே சொல்லி வையுங்கள். சொல்லாவிட்டால் இந்த ஏற்பாட்டால் பயனில்லை.

ஓயாமல் சத்தமிடும் செயலியா? அதன் அறிவிப்பை விரலால் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் நிறுத்தும் வழி தெரியும். விளம்பரங்களுக்கு, ஆங்கிலத்தில் ‘ஸ்டார்ட்’ என்றெழுதி, இடம்விட்டு 0 சேர்த்து, 1909க்கு அனுப்புங்கள். பாங்கியின் கணக்குச் செய்திகள் நிற்கமாட்டா.

அரசாங்கத்தின் அபாய அறிவிப்பை மட்டும் நிறுத்தாதீர்கள். 2023 அக்டோபர் 20ல் தமிழ்நாட்டில் அதைச் சோதித்தபோது, போன் திடீரென அலறியதில் பயந்தவர் பலர். மழைக்காலத்தில் மலைச்சாலையில் மண் சரியும் ஊர் நமது.