மெஷின் கடைசியில் வாங்கலாம்

கார் டீடெய்லிங் கற்றுக்கொள்ள எங்கள் கோவைக் கடைக்கு வரும் பையன்களில் பலர் பாலிஷிங் மெஷினைக் கையோடு கொண்டுவருகிறார்கள். ஆன்லைனில் வாங்கியது, சிலசமயம் பெட்டிகூடப் பிரிக்காதது. கூடவே ஒரு செராமிக் கோட்டிங் பாட்டிலும் இருக்கும். கழுவுவதற்கு என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்டால், ஒரு பக்கெட்டும் பழைய பனியன் துணியும் என்பார்கள். மெஷினை அலமாரியில் வைத்துவிட்டு முதலில் வண்டி கழுவப் பழகு என்று நான் சொல்லும்போது முகம் வாடிவிடும். "கழுவறதுல கத்துக்க என்னங்கண்ணா இருக்குது?" என்று ஒரு தம்பி நேராகவே கேட்டான்.

நிறைய இருக்கிறது. மெஷின் போட்டு எடுக்க வேண்டிய கீறல்களில் பெரும்பாலானவை கழுவும்போதும் துடைக்கும்போதும் விழுந்தவை. கறுப்பு நிறக் காரை வெயிலில் நிறுத்திப் பாருங்கள். சூரியன் பளிச்சிடும் இடத்தைச் சுற்றிச் சிலந்திவலை போல மெல்லிய வட்டங்கள் தெரியும். கீறல்கள் உண்மையில் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. ஒளிக்குக் குறுக்காக இருப்பவை மட்டும் மின்னுவதால் அவை வட்டமாகத் தோன்றுகின்றன. ரோட்டுத் தூசியில் மணல் இருக்கிறது. துணியை வைத்து இழுத்தால் அந்த மணலும் கூடவே இழுபடும். பெயிண்டுக்கு அது உப்புத்தாள்.

இதில் ஏன் இவ்வளவு கவனம் என்றால், நாம் தொடுகிற அடுக்கு அவ்வளவு மெல்லியது. இன்றைய கார்களில் தகட்டின் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், அதற்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். எல்லாம் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் இருக்கும். அதில் கிளியர் கோட் மட்டும் சுமார் 35 முதல் 50 மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமனே ஏறத்தாழ 70 மைக்ரான். பளபளப்பும் வெயிலைத் தாங்கும் சக்தியும் அந்த மேலடுக்கில்தான் இருக்கின்றன. பாலிஷ் போடுவது என்றால் கீறலின் அடிமட்டம் வரை அந்த அடுக்கைச் சீவி எடுப்பது. எடுத்தது திரும்ப வராது; மறுபடி பெயிண்ட் அடித்தால்தான் உண்டு.

எங்களிடம் வரும் வண்டிகளில் அதிகம் அடிபட்டவை அப்பார்ட்மெண்டுகளிலிருந்து வருபவை. அங்கே விடியற்காலையில் ஒருவர் வந்து, ஒரே பக்கெட் தண்ணீரில் வரிசையாகப் பல வண்டிகளைத் துடைத்துக்கொண்டு போவார். முதல் வண்டியின் மணல் கடைசி வண்டி வரை போகும். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. அவருக்குக் கிடைக்கும் கூலிக்கும் நேரத்துக்கும் அதுதான் முடியும். வண்டிக்காரர்களிடம் நான் சொல்வது இது: தினமும் கண்ணாடியை மட்டும் துடைக்கச் சொல்லுங்கள், பாடியைத் தொட வேண்டாம். அதே காசுக்கு வாரம் ஒருமுறை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவச் சொல்லுங்கள். நல்ல துணியும் இன்னொரு பக்கெட்டும் நீங்களே வாங்கிக் கொடுங்கள். தூசி படிந்த வண்டி கேவலமில்லை. காய்ந்த தூசியைத் துணியால் தட்டுவதுதான் கெடுதல்.

சரி, எப்படிக் கழுவுவது? சக்கரத்தில் தொடங்க வேண்டும். பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத்தூள் அங்கேதான் சேர்கிறது. அதற்குத் தனி பக்கெட், தனி பிரஷ். பாடிப் பக்கம் அவற்றைக் கொண்டுபோகவே கூடாது. ஓட்டி வந்த சூட்டோடு சக்கரத்தில் கெமிக்கல் அடித்தால் அப்படியே காய்ந்து கறை பிடிக்கும், ஆறவிட வேண்டும். பிறகு பாடி முழுக்க வெறும் தண்ணீர். பிரஷர் வாஷர் என்றால் ஓரடி தூரமாவது விலகி நில்லுங்கள். பெயிண்ட் பெயர்ந்த ஓரங்களில் கிட்டே பிடித்தால் பக்கத்துப் பெயிண்டும் உரிந்து வரும். அடுத்து ஃபோம். சில நிமிடம் ஊறட்டும், ஆனால் காயக் கூடாது. ஊறிய அழுக்கைத் தண்ணீரே கொண்டுபோய்விடும். கை வைக்காமல் எவ்வளவு அழுக்கு போகிறதோ அவ்வளவு லாபம்.

அதற்குப் பிறகுதான் கை படலாம். இரண்டு பக்கெட் வேண்டும், ஒன்றில் ஷாம்பூ தண்ணீர், இன்னொன்றில் அலச வெறும் தண்ணீர். அடியில் சல்லடைத் தட்டு போட்டால் மணல் கீழே தங்கிவிடும். மைக்ரோஃபைபர் கையுறையால் கூரையிலிருந்து கீழ்நோக்கி, அழுத்தாமல், நேர்கோட்டில் இழுக்க வேண்டும். ஒவ்வொரு பேனலுக்கும் ஒருமுறை அலசல். கதவுக்குக் கீழ்ப்பகுதியும் பம்பர்களும் கடைசியில். துவட்டும்போது தேய்க்க வேண்டியதில்லை; பெரிய துண்டை விரித்துப் போட்டு எடுத்தாலே ஈரம் உறிஞ்சும். பாத்திரம் கழுவும் லிக்விட் வேண்டாம், எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதுபோல மெழுகுப் பூச்சையும் எடுத்துவிடும்.

துணி கீழே விழுந்தால் அன்றைக்கு அதற்கு விடுமுறை. உதறிவிட்டு எடுத்துக்கொள்ளும் பழக்கத்தை மாற்றத்தான் புதியவர்களுக்கு அதிக நாளாகிறது. மைக்ரோஃபைபர் என்பது பாலியெஸ்டரும் பாலிஅமைடும் கலந்த நுண்ணிழை; அழுக்கைக் கவ்விக்கொள்வதுதான் அதன் வேலை, தரையில் கிடக்கும் மணலையும் விடாமல் கவ்வும். பருத்தித் துணியோடு சேர்த்துத் துவைத்தால் பஞ்சு ஒட்டும். வாசனைக்காக ஊற்றும் ஃபேப்ரிக் சாஃப்ட்னர் இழைகளின் மேல் படிந்து உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும். புதுத் துணியின் ஓரத்தில் தைத்திருக்கும் லேபிளை முதலில் வெட்டிவிடுங்கள்.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கோவையில் சிறுவாணித் தண்ணீரில் கழுவிய வண்டிக்கும் போர் தண்ணீரில் கழுவிய வண்டிக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். போர் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம். வெயிலில் துளி காய்ந்தால் வெள்ளை வட்டம் மிஞ்சும், நாள்பட விட்டால் அது கிளியர் கோட்டையே அரிக்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, உங்கள் தண்ணீரை ஒருமுறை அளந்து பாருங்கள். குடிக்கும் தண்ணீரைக் காருக்கு ஊற்றச் சொல்லவில்லை. நிழலில், வெயில் ஏறுவதற்கு முன் கழுவி உடனே துவட்டினால் போர் தண்ணீரே போதும். புதிய உப்புக்கறைக்கு வெள்ளை வினிகரைச் சம அளவு தண்ணீரில் கலந்து, துணியில் நனைத்துச் சில நொடி வைத்து, நன்றாக அலசிவிடலாம். பறவை எச்சம் இதைவிட அவசரம். அதில் அமிலம் இருக்கிறது; நம் வெயிலில் ஒரே பகலில் தடம் பதித்துவிடும். சுரண்டாமல், ஈரத்துணியைப் போட்டு ஊறவிட்டு எடுங்கள்.

இவ்வளவும் கைக்கு வந்த பிறகு மெஷின். ரோட்டரி ஒரே அச்சில் சுற்றுவதால் சூடு ஒரே இடத்தில் ஏறும். தெரியாத கையில் அலையலையாகத் தடம் விடும், அல்லது பெயிண்டையே எரிக்கும். டூயல் ஆக்‌ஷன் சுற்றிக்கொண்டே அதிரும். அதிகம் அழுத்தினால் சுழற்சி நின்றுபோகும் என்பதால் தொடங்குபவருக்கு அதுவே நல்லது. எந்த வண்டியிலும் முதலில் ஓரடிச் சதுரத்தில் சோதனை. மென்மையான பேடும் மென்மையான பாலிஷும் போட்டுப் பார்த்துவிட்டு, போதவில்லை என்றால் மட்டும் அடுத்த படி. காம்பவுண்ட் என்ற கரடான பாலிஷில் தொடங்குவது வேண்டாம். பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலை நிரப்பி மறைத்துவிடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து துடைத்தால்தான் வேலை முடிந்ததா என்று தெரியும். கீறல் அத்தனையும் போக வேண்டும் என்று அடம்பிடிப்பவரிடம் நான் வேலை எடுப்பதில்லை. ஆழமான சிலவற்றை விட்டுவிடுவதுதான் அந்த வண்டிக்கு நல்லது.

கோட்டிங் பாட்டிலில் 9எச் என்று போட்டிருப்பதை வைரத்துக்கு அடுத்த உறுதி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது பென்சில் கடினத்தன்மைச் சோதனையின் அளவு. 9எச் பென்சிலால் கீறினாலும் கோடு விழாது என்று பொருள். மணல் பென்சில் முனையைவிட எவ்வளவோ கடினம். கோட்டிங் போட்டால் கழுவுவது சுலபமாகும், பளபளப்பு நிற்கும், எச்சத்தைத் துடைக்கக் கொஞ்சம் நேரம் கிடைக்கும். கல்லடியைத் தடுக்காது. இருக்கும் கீறல்கள் அதற்கு அடியில் அப்படியே இருக்கும்.

உட்புறத்தில் ஒன்றே ஒன்று: ஸ்டியரிங்கிலும் பெடலிலும் டாஷ்போர்டு பாலிஷ் படவே கூடாது. வழுக்கும்.

மெஷின் பிடிக்க ஆசைப்படுபவர்களை உக்கடம் பழைய சாமான் கடைகளுக்கு அனுப்பி ஒரு பானெட் வாங்கி வரச் சொல்கிறேன். நசுங்கியிருந்தாலும் பரவாயில்லை, கம்பெனி பெயிண்டாக இருந்தால் நல்லது. நடுவில் டேப் ஒட்டி, ஒரு பாதியில் மட்டும் பயிற்சி. முன்னும் பின்னும் பெயிண்டின் தடிமனை மீட்டரால் அளந்து நோட்டில் எழுத வேண்டும். பிறகு, அதே பானெட்டின் மடிப்பு ஓரத்தில் கிளியர் கோட் போகும்வரை வேண்டுமென்றே தேய்க்கச் சொல்வேன். ஓரங்களில் பெயிண்ட் மெலிந்திருக்கும், நினைப்பதற்குள் பேடில் நிறம் ஒட்டிவிடும். எவ்வளவு சீக்கிரம் என்று அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். அடுத்த நாள் வாடிக்கையாளர் வண்டியில் மெஷின் எடுக்கும் முன் ஓரங்களுக்கெல்லாம் டேப் ஒட்டு என்று நான் நினைவுபடுத்த வேண்டியிருக்காது.