வழுக்குமரமும் ஸ்கிராட்ச் விளையாட்டும்

பத்தாம் வகுப்பு அறிவியலில் முதல் பாடம் 'இயக்க விதிகள்'. ஸ்கிராட்ச் மென்பொருள் அதே புத்தகத்தின் இறுதியில் வருகிறது. இவ்விரண்டையும் இணைத்து, மலையேறும் கணினி விளையாட்டு ஒன்றை மாணவர்களே உருவாக்கும் செயல்பாட்டைத் தாம்பரம் பகுதியிலுள்ள எங்கள் பள்ளியின் உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் மேற்கொண்டோம். நான் வைத்த நிபந்தனை ஒன்றே: விளையாட்டு கடினமாக இருக்கலாம்; ஆனால் விளையாடுபவர் 'ஏமாத்துது' என்று சொல்லக் கூடாது.

முதல் பாடவேளையில் கணினியைத் தொடவில்லை. வழுக்குமரத்தைப் பற்றிப் பேசினோம். கிருஷ்ண ஜெயந்தியையொட்டி உறியடியோடு நடக்கும் இதைப் பலரும் சொந்த ஊரில் பார்த்திருந்தார்கள். மரத்தில் எண்ணெய் தடவியிருப்பார்கள். ஏறுபவர் மேல் தண்ணீரும் ஊற்றுவார்கள். பெரும்பாலோர் பாதியிலேயே வழுக்கி இறங்கிவிடுவார்கள். ஆனாலும் யாரும் அநியாயம் என்று சண்டைக்கு வருவதில்லை. எண்ணெய் தடவியது ஊரறிந்தது. பரிசு உச்சியில் கண்ணுக்குத் தெரிகிறது. எல்லாருக்கும் ஒரே மரம் என்று பட்டியலிட்டார்கள். "ஒரே மரம் இல்ல மிஸ். முதல்ல ஏறுறவங்க சட்டையில எண்ணெயெல்லாம் ஒட்டிக்கும். கடைசியா ஏறுறவங்களுக்குத்தான் ஈசி" என்றாள் ஒரு மாணவி. எட்டாம் வகுப்பில் படித்த உராய்வை நான் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.

அடுத்து, 2017இல் பென்னட் ஃபாடி வெளியிட்ட 'கெட்டிங் ஓவர் இட்' விளையாட்டு. கைப்பேசியிலோ யூடியூபிலோ பார்க்காத மாணவர் குறைவு. பானைக்குள் இடுப்புவரை அமர்ந்த ஒருவன் நீண்ட சுத்தியலை ஊன்றியும் மாட்டியும் மலையேறுகிறான். சுத்தியல் பாறையைத் தள்ளுகிறது. பாறை அவனைத் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிக்கு இதைவிட நல்ல படம் எனக்குக் கிடைக்கவில்லை. கை தவறினால் பல மணி நேர உழைப்பு போய்விடும். ஓரிடத்தில் ஒரு பாம்பு உண்டு. அதில் ஏறாதே என்று பலகையும் உண்டு; மீறி ஏறினால் தொடக்கத்துக்கே வந்துவிடுவோம். பரமபதத்தில் நம்மைப் பாம்பிடம் கொண்டு சேர்ப்பது தாயக்கட்டை. இங்கே நம் கைதான். ஒரே அசைவுக்கு ஒரே விளைவு என்பதால், விழுந்தவருக்கு ஏன் விழுந்தோம் என்பது தெரிகிறது. கோபம் வந்தாலும் மறுபடி முயல்கிறார்.

பிறகு குழுவாகப் பிரிந்து விளையாட்டை உருவாக்கினார்கள். ஒரு குழு செய்ததை இன்னொரு குழு விளையாட வேண்டும். 'ஏமாத்துது' என்ற குரல் ஐந்து நிமிடத்திலேயே கேட்டது. இனித்தான் உண்மையான பாடம்.

ஒரு குழுவின் பூனை பாறைமேல் நின்றபடியே நழுவியது. காரணம் அதன் வால். நடக்கும்போது பூனையின் தோற்றம் மாறுகிறது. வால் பாறையில் பட்டால் மோதியதாகக் கணினி எடுத்துக்கொள்கிறது. விளையாடுபவர் காலைப் பார்க்கிறார், கணினி வாலைப் பார்க்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு செவ்வகத்தை மோதலுக்கு வைத்துவிட்டு, பூனையை அதன்மேல் வெறும் படமாக ஓட்டினார்கள். (செவ்வகத்தை 'மறை' கட்டளையால் மறைத்தால் தொடுதல் வேலை செய்யாது, 'கோஸ்ட்' விளைவை 100 ஆக்க வேண்டும்.) இன்னொரு குழு, எந்தக் கல் எப்போது உதிரும் என்பதைச் சீரற்ற எண்ணிடம் விட்டிருந்தது. கல் உதிரும் முன் அரை நொடி நடுங்கட்டும் என்று மாற்றியதும் புகார் நின்றது. கடினம் குறையவில்லை.

பெரிய விவாதம் விளிம்பில் குதிப்பது பற்றியது. ஸ்கிராட்ச் நொடிக்கு 30 முறை திரையைப் புதுப்பிக்கிறது. விளிம்பைத் தாண்டிய ஒரு கணத்துக்குப் பிறகு விசையை அழுத்தினாலும் "நான் அழுத்தினேன், குதிக்கல" என்பார்கள். எனவே விளிம்பைத் தாண்டிய பின்னும் மூன்று சுற்றுகள், அதாவது 1/10 நொடி, குதிக்க அனுமதித்தார்கள். 2018இல் வந்த 'செலஸ்ட்' என்ற மலையேறும் விளையாட்டிலும் கிட்டத்தட்ட இதே அவகாசம் உண்டு. பள்ளத்தின் மேல் சற்று நேரம் அந்தரத்தில் ஓடும் கார்ட்டூன் கொயோட்டியின் பெயரால் இதைக் 'கொயோட்டி நேரம்' என்கிறார்கள். காற்றில் நின்று குதிப்பது இயக்க விதிகளுக்குப் புறம்பானது. அறிவியல் ஆசிரியராக எனக்கு உறுத்தத்தான் செய்தது. எந்த விதியை எங்கே மீறியிருக்கிறோம் என்று எழுதி ஒட்டச் சொல்லி அனுமதித்தேன்.

ஆய்வகத்தை விட்டு வரும்போது ஒரு மாணவன், "மிஸ், உங்க கணக்குலயும் பாம்பு இருக்கு" என்றான். நிறையைக் கிராமில் கொடுத்து விசையை நியூட்டனில் கேட்கும் கணக்கைச் சொன்னான். நியாயமான பேச்சு. அலகு மாற்றத்தை நான் நீக்கவில்லை. அது தெரிய வேண்டிய திறன். ஆனால் அலகுத் தேர்வில் 'அலகைக் கவனி' என்று பலகை வைத்தேன். வாய்ப்பாடு, அலகு மாற்றம், பிரதியிடல், விடை என ஒவ்வொரு படிக்கும் தனி மதிப்பெண் போட்டு, நழுவிய படியை வட்டமிட்டு இரண்டு நாளில் தாளைத் திருப்பித் தருகிறேன். கணக்கு வினாக்களை அப்படியே வெற்றிடமாக விட்டு வந்த நான்கு பேர் இப்போது இரண்டாம் படி வரையாவது எழுதுகிறார்கள். அவர்களில் ஒருவன் வட்டமிட்ட இடத்தைக் காட்டி, "இதுக்கு மேல எப்படி ஏறணும் மிஸ்?" என்று மதிய இடைவேளையில் வந்து கேட்டான்.