முகவரியும் உறையும்

கோலாலம்பூரில் வசிக்கும் மாணவி ஒருத்தி, இலண்டனில் உள்ள ஒரு கணினிக்குப் படம் ஒன்றை அனுப்புகிறாள். அப்படம் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிகிறது. ஒவ்வொரு பொட்டலமும் இலண்டன் கணினியின் ஐபி முகவரியைத் தாங்கிச் செல்கிறது. இது வலையமைப்பு அடுக்கின் வேலை. பயணம் முடியும்வரை இம்முகவரி மாறாது.

ஆனால், பொட்டலம் முதலில் வீட்டிலுள்ள திசைவியைச் சென்றடைய வேண்டுமே! அதற்காகத் தரவு இணைப்பு அடுக்கு, பொட்டலத்தை ஓர் உறையில் இடுகிறது. உறையின்மீது திசைவியின் 48 பிட் மேக் முகவரி இருக்கும். திசைவி அவ்வுறையை அகற்றிவிட்டு, அடுத்த திசைவிக்கெனப் புதிய உறையை இடுகிறது. இவ்வாறு வழிநெடுக உறை மாறிக்கொண்டே இருக்கும்.

திசைவியின் மேக் முகவரியைக் கணினி எப்படி அறிகிறது? 1982-ஆம் ஆண்டு டேவிட் பிளம்மர் வகுத்த ஏஆர்பி எனும் நெறிமுறை அதற்கு உதவுகிறது. “இந்த ஐபி முகவரி யாருடையது?” என்று கணினி அருகிலுள்ள எல்லாக் கருவிகளையும் கேட்கும். உரிய கருவி தன் மேக் முகவரியைத் தெரிவிக்கும். பதிலளிப்பது உண்மையான திசைவிதானா என்பதை ஏஆர்பி சோதிப்பதில்லை. அதன் பெரும் பலவீனம் இதுதான். பாதுகாப்பற்ற பொது வைஃபையில் ஒருவன், “நானே திசைவி” என்று பொய்ப் பதில் அனுப்பினால், பொட்டலங்கள் அவனுடைய கணினிக்குச் சென்றுவிடும். ஐபி முகவரி சரியாகவே இருக்கும். உறை மட்டும் வேறொருவன் கைக்குப் போயிருக்கும். தரவு மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால், உறையைப் பிரித்தாலும் அவனால் அதைப் படிக்க இயலாது.