சருகு எப்போது எருவாகும்?

மாசி, பங்குனியில் வேம்பும் புங்கனும் இலை உதிர்க்கும். கூட்டி, ஓரமாகக் குவித்து, தீ வைத்துவிடுகிறோம். மிஞ்சுவது கொஞ்சம் சாம்பல். தழைச்சத்தும், மண்ணுக்கு வேண்டிய கரிமமும் புகையாகப் போய்விடும்.

"நானும் குவிச்சுத்தான் வெச்சேன், ஆறு மாசமாச்சு, சருகு சருகாவே கிடக்கு" என்பவர்களும் உண்டு. காரணம் எளிது. மக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்குக் கரிமம் சோறு, தழைச்சத்து குழம்பு. ஒரு பங்கு தழைச்சத்துக்குச் சுமார் 30 பங்கு கரிமம் இருந்தால் வேலை வேகமாக நடக்கும். வெறும் சருகு என்பது குழம்பில்லாத சோறு. அதனால் இரண்டு மூன்று கூடை சருகுக்கு ஒரு கூடை பச்சை சேருங்கள். முருங்கைத் தழை, அகத்தி, பூக்காத களை, காய்கறிக் கழிவு எதுவானாலும் சரி.

நிழலான இடத்தில், அடியில் குச்சிகளைப் பரப்பி, அரை அடிக்கு ஒரு அடுக்காகப் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் சாணிக் கரைசல் தெளித்து வாருங்கள். குவியல் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 3 அடியாவது வேண்டும். சின்னக் குவியலில் சூடு தங்காது. ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டுதான் வரணும். ஒழுகினால் ஈரம் அதிகம், நாற்றமும் வரும். சருகைச் சேர்த்துக் கிளறினால் சரியாகிவிடும்.

நாலைந்து நாள் கழித்து ஒரு இரும்புக் கம்பியை நடுவில் செருகி, பத்து நிமிஷம் விட்டு எடுங்கள். தொட முடியாமல் சுட்டால் நல்லது. உள்ளே 55 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது களை விதைகள் பெரும்பாலும் செத்துவிடும். ஓரத்தில் அந்தச் சூடு இருக்காது. அதுக்குத்தான் 15 நாளுக்கு ஒருமுறை வெளியே இருப்பதை உள்ளே தள்ளிப் புரட்டுவது. 1920களில் இந்தூரில் ஆல்பர்ட் ஹோவார்டு செய்ததும் கழிவையும் சாணத்தையும் அடுக்கிப் புரட்டிய வேலைதான். தென்னை மட்டையை மட்டும் இதில் போடாதீர்கள். அது மக்க நாளாகும், தனியாக வையுங்கள்.

இனி நான் பட்ட பாடு. முதல் வருஷம் அவசரப்பட்டு, 40 நாள் குப்பையை மிளகாய் நாற்றங்காலில் கலந்தேன். பத்தே நாளில் நாற்று வெளுத்துப்போச்சு. அரைகுறையாக மக்கியது மண்ணுக்குள் போனால், மிச்சத்தை மக்க வைக்க நுண்ணுயிர்கள் மண்ணில் உள்ள தழைச்சத்தையே இழுத்துக்கொள்ளும். செடி பட்டினி கிடக்கும். அந்தத் தடவை நாற்று விலைக்கு வாங்கித்தான் நட்டேன்.

இப்போது இரண்டு தொட்டி வைத்துப் பார்க்காமல் எருவை எடுப்பதில்லை. ஒன்றில் வெறும் தோட்டத்து மண், இன்னொன்றில் பாதி மண், பாதி எரு. இரண்டிலும் எண்ணிப் பத்துப் பத்து தட்டைப்பயறு. எரு கலந்த தொட்டியில் முளைப்பு குறைந்தாலோ இலை வெளுத்தாலோ இன்னும் மூன்று வாரம் விடுவேன். பெரும்பாலும் 90 நாளுக்குமேல் ஆகிறது. மழைக்கால மண் வாசம் வரணும், கம்பி குளிர்ந்திருக்கணும்.

தென்னை வைத்திருப்பவர்கள் ஒன்று கவனிக்கணும். காண்டாமிருக வண்டு முட்டையிடுவது இந்த மாதிரி எருக்குழியில்தான். புரட்டும்போது பழுப்புத் தலையோடு, வளைந்த, கொழுத்த வெள்ளைப் புழு கிடைத்தால் ஒன்றுவிடாமல் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். கோழிகள் சத்தம் கேட்டாலே ஓடி வரும்.