கற்பித்தது போய்ச் சேர்ந்ததா? பல்கலைக்கழக வகுப்பறை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பல்கலைக்கழகப் பாடம் ஒன்றில் கற்பித்தல் பலன் தந்ததா என்று பார்க்க மூன்று கணக்குகள் வழக்கத்தில் உள்ளன: செமஸ்டர் மதிப்பெண், தேர்ச்சி விகிதம், மாணவர் நிரப்பித் தரும் கருத்துப் படிவம். மூன்றும் எளிதில் கிடைப்பவை. ஆனால் வகுப்புக்கு வரும்போது மாணவருக்கு என்ன தெரிந்திருந்தது, முடிந்தபின் என்ன தெரிகிறது, அது எத்தனை நாள் தங்குகிறது என்ற கேள்விகளுக்கு இவற்றில் விடை இல்லை. அந்தக் கேள்விகளை நேராகக் கேட்ட ஆய்வுகள் பழைய நம்பிக்கைகள் பலவற்றைத் திருத்தியிருக்கின்றன. அவற்றுள் முன்னோடியானவை அமெரிக்க இயற்பியல் துறைகளில் நடந்தவை.

நம்பிக்கை 1: கணக்கைச் சரியாகப் போட்டவருக்குப் பாடம் புரிந்திருக்கும்.

உண்மை: சூத்திரத்தில் எண்களைப் பொருத்தி விடை காண்பது வேறு, கருத்து புரிவது வேறு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1984 முதல் இயற்பியல் கற்பித்துவந்த எரிக் மசூர், மாணவரிடம் நல்ல பெயர் பெற்றவர். அவர்களுக்கு விசை பற்றிய எளிய கருத்துத் தேர்வு ஒன்றை 1990இல் கொடுத்தார். லாரியும் காரும் மோதினால் எதன்மேல் அதிக விசை செயல்படும் என்பது போன்ற கேள்விகள் அவை. இரண்டின்மேலும் ஒரே அளவு விசைதான். காரின் வேகம் அதிகம் மாறுவதற்கு அதன் நிறை குறைவாக இருப்பதே காரணம். நியூட்டனின் மூன்றாம் விதியை ஒப்பிக்கத் தெரிந்தவர்களும் இங்கே தடுமாறினார்கள். பாடத்தில் சொன்னபடி எழுதுவதா, தாம் நினைக்கிறபடி எழுதுவதா என்று ஒரு மாணவர் கேட்டார்.

மசூர் பிறகு ஒரே தேர்வில் இரு மின்சுற்றுக் கேள்விகளை வைத்தார். ஒன்று, சமன்பாடுகளை எழுதி மின்னோட்டத்தைக் கணக்கிடும் வழக்கமான வினா. மற்றொன்றில் கணக்கே இல்லை: தொடராக இணைத்த மூன்று பல்புகளில் ஒன்றின் குறுக்கே உள்ள சுவிட்சைப் போட்டால் மற்ற இரண்டும் பிரகாசமாகுமா, மங்குமா? அந்த ஒரு பல்பு அணைந்து மற்றவை பிரகாசமாகும். மாணவர் அதிக மதிப்பெண் பெற்றது கடினமாகத் தோன்றும் முதல் கேள்வியில்தான்.

நம்பிக்கை 2: ஆசிரியர் தெளிவாக விளக்கினால் போதும், மாணவர் கவனித்துக் கேட்டால் கற்றுவிடுவார்.

உண்மை: ரிச்சர்டு ஹேக் 1998இல் 62 இயற்பியல் வகுப்புகளைச் சேர்ந்த 6,542 மாணவரின் முன்தேர்வு, பின்தேர்வு முடிவுகளைத் தொகுத்தார். இறுதி மதிப்பெண்ணை அவர் அப்படியே ஒப்பிடவில்லை. தெரியாமல் இருந்ததில் எவ்வளவு பங்கு தெரியவந்தது என்று பார்த்தார். முன்தேர்வில் 40 எடுத்த வகுப்பு பின்தேர்வில் 70 எடுத்தால், மீதமிருந்த 60இல் 30 கிடைத்திருக்கிறது, ஈட்டம் 0.5. எண்பதிலிருந்து 90க்கு உயர்ந்த வகுப்பின் ஈட்டமும் அதே 0.5தான். நன்கு தயாராக வந்த மாணவரால் ஆசிரியருக்குக் கிடைக்கும் பெருமையை இந்தக் கணக்கு கழித்துவிடுகிறது. விரிவுரையை மட்டும் நம்பிய 14 வகுப்புகளின் சராசரி ஈட்டம் 0.23. மாணவர் யோசித்து, விவாதித்து, உடனே திருத்தம் பெற்ற 48 வகுப்புகளின் சராசரி 0.48.

மற்ற அறிவியல் துறைகளிலும் இதே போக்குதான். ஸ்காட் ஃப்ரீமன் குழு 2014இல் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளை ஒருசேர அலசியது. விரிவுரை வகுப்புகளில் சராசரியாக 33.8 விழுக்காட்டினர் தோல்வியுற்றனர். மாணவர் தாமே முயன்று கற்கும் செயல்வழி வகுப்புகளில் 21.8 விழுக்காட்டினர்.

நம்பிக்கை 3: மாணவர் உயர்வாக மதிப்பிடும் ஆசிரியரிடமே அதிகம் கற்கிறார்கள்.

உண்மை: இதைச் சோதிக்க அமெரிக்க விமானப்படைக் கழகம் பொருத்தமான இடமாக அமைந்தது. அங்கே எந்த மாணவர் எந்த ஆசிரியரிடம் படிப்பார் என்பதைக் கணினி தீர்மானிக்கிறது; எல்லாப் பிரிவுகளுக்கும் ஒரே தேர்வு; அடுத்த நிலைப் பாடமும் கட்டாயம். ஸ்காட் கேரலும் ஜேம்ஸ் வெஸ்டும் 2010இல் வெளியிட்ட ஆய்வின்படி, நுண்கணிதத்தில் அனுபவம் குறைந்த ஆசிரியரின் மாணவர்கள் அந்தப் பாடத்தில் கூடுதல் மதிப்பெண் பெற்றனர். ஆசிரியருக்கும் உயர்ந்த மதிப்பீடு தந்தனர். அனுபவம் மிக்கவரிடம் படித்தவர்களோ அடுத்த நிலைப் பாடங்களில் முந்தினர். அடித்தளம் ஆழமாக விழுந்ததா என்பது அடுத்த ஆண்டில்தான் தெரிகிறது. கருத்துப் படிவமோ இந்த ஆண்டே நிரப்பப்படுகிறது.

இந்தியாவில் உயர்கல்வி நிறுவனங்களை மதிப்பிடும் நாக் (NAAC) அமைப்பின் தரமதிப்பீட்டிலும் மாணவர் திருப்திக் கணக்கெடுப்பு இடம்பெறுகிறது. ஆசிரியர் நேரத்துக்கு வந்தாரா, கேள்வி கேட்க இடம் கொடுத்தாரா என்பதற்கு மாணவரே நேரடிச் சாட்சி. எவ்வளவு கற்றார் என்பதற்கு அந்தச் சாட்சியம் போதாது.

நம்பிக்கை 4: நன்றாகப் புரிந்தது என்று மாணவர் உணர்ந்தால் அவர் கற்றுவிட்டார்.

உண்மை: ஹார்வர்டில் லூயி டெலோரியே குழு மாணவரை இரு பிரிவாகப் பிரித்து, ஒரே பாடப்பொருளை ஒரு பிரிவுக்குச் சீரான விரிவுரையாகவும் மற்றதற்குக் குழுவாகக் கணக்குப் போடும் வகுப்பாகவும் நடத்தியது, அடுத்த வகுப்பில் பிரிவுகளை மாற்றியது. 2019இல் வெளியான முடிவின்படி, செயல்வழி வகுப்பில் இருந்தவர்கள் தேர்வில் அதிக மதிப்பெண் பெற்றனர். ஆனால் குறைவாகக் கற்றதாக உணர்ந்தவர்களும் அவர்களே. சரளமான விளக்கத்தைக் கேட்கும்போது எல்லாம் புரிந்ததுபோல் இருக்கிறது. தானே முயன்று திணறுவது குழப்பமாகத் தெரிகிறது. இதை முதல் வாரத்திலேயே மாணவருக்கு விளக்கிவிடுவது நல்லது.

நம்பிக்கை 5: தேர்வு என்பது கற்றதை அளக்க மட்டுமே.

உண்மை: நினைவிலிருந்து மீட்டுச் சொல்வதே கற்றலை உறுதிப்படுத்துகிறது. ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பப் படித்தவர்கள் 5 நிமிடம் கழித்து 81 விழுக்காட்டை நினைவுகூர்ந்தனர். படித்ததைப் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் 75 விழுக்காட்டை. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது: திரும்பப் படித்தவர்களிடம் 42 விழுக்காடும் எழுதிப் பார்த்தவர்களிடம் 56 விழுக்காடும் மிஞ்சின.

ஆகவே, மதிப்பெண் பயமில்லாத சிறு தேர்வுகளை வாரந்தோறும் வைப்பதால் இரட்டைப் பயன் உண்டு: கற்றதை அளக்கவும் முடியும், உறுதிப்படுத்தவும் முடியும். வகுப்பின் கடைசி நிமிடத்தில், இன்று கற்றதில் முக்கியமானது எது, இன்னும் விளங்காதது எது என்று துண்டுத்தாளில் பெயரில்லாமல் எழுதி வாங்கலாம். அறுபது பேர் வகுப்பில் இருபது தாள்கள் ஒரே இடத்தைச் சுட்டினால், மறுநாள் பாடம் அங்கிருந்து தொடங்க வேண்டும்.